கனத்த ஈயக் குண்டும் .45-70 துப்பாக்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். கையில் இருப்பது .45-70 அளவுள்ள மார்லின் கம்பெனியின் லீவர் துப்பாக்கி; அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அதற்கான குண்டுகளை வீட்டுக் கராஜில் நானே ஈயம் உருக்கி வார்க்கிறேன். இது தெரிந்த நம்மவர்கள் விருந்துகளிலும் போனிலும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

குண்டு, தோட்டா: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. செய்தித்தாள்கள் இரண்டையும் கலந்துதான் எழுதுகின்றன. தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும். சுட்டபின் கையில் மிஞ்சும் பித்தளை உறையை வீசாமல், புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். 'மருந்து' என்று நான் எழுதும் இடமெல்லாம் வெடிமருந்து.

இதை இந்தியாவில் செய்யலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்குகளை விளையாட்டுக்காக வேட்டையாடவும் அங்கே இடமில்லை. இங்கே நான் எழுதுவது அமெரிக்க நிலவரம். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள இங்கு மத்தியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை, விற்பதானால் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகளும் உண்டு, அதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

.45-70 என்றால் என்ன கணக்கு?

குழலின் விட்டம் அங்குலத்தில் சுமார் 0.45, மருந்து 70 கிரெயின் (எடை அளவு, கீழே சொல்கிறேன்) கரிமருந்து, அதாவது பழங்காலத்துக் கரிய வெடிமருந்து. பழைய பெயரில் மூன்றாவது எண்ணும் உண்டு: 45-70-405. அந்த 405 குண்டின் எடை. அமெரிக்க ராணுவம் 1873இல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியோடு இந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டது. தோட்டா வைக்கும் இடத்தின் மூடி, பரண் கதவுபோல் மேல்நோக்கித் திறக்கும். அதனால் அதற்கு 'டிராப்டோர்' என்று பெயர் வந்தது.

1879இல் நியூ ஜெர்சியின் சாண்டி ஹுக் கடற்கரையில் ராணுவம் தொலைதூரச் சோதனைகள் நடத்தியது. 500 கிரெயின் குண்டு 3,500 கஜம், அதாவது மூன்று கிலோமீட்டருக்கு மேல் போய் விழுந்தும் பலகைகளைத் துளைத்தது. அதன் பிறகு ராணுவமே 405ஐ விட்டு 500க்கு மாறியது. 1892இல் சிறிய விட்டமுள்ள புதுத் துப்பாக்கி வந்ததும் .45-70 பின்னுக்குப் போனது. ஆனால் வேட்டைக்காரர்கள் அதைக் கைவிடவில்லை. 1972இல் மார்லின் கம்பெனி 1895 என்ற தன் பழைய மாடல் பெயரிலேயே இந்தத் தோட்டாவுக்கு மறுபடி துப்பாக்கி செய்தது. என்னுடையது அந்த வம்சம்.

இந்த வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1870களில் தோலுக்காகக் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தவை இதே மாதிரி கனத்த ஈயக் குண்டுகள்தான். கோடிக்கணக்கில் இருந்த விலங்கு, 1889இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது.

கிரெயின் என்பது எவ்வளவு?

ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். நம் ஊர்க் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. 405 கிரெயின் குண்டு 26 கிராம், மூணேகால் பவுன். 500 கிரெயின் என்றால் நாலு பவுன்! ஒரு தாலிச் சங்கிலியின் எடையைக் கட்டைவிரல் நுனியளவு ஈயமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒப்பிட்டால், இன்றைய மான் வேட்டையில் அதிகம் புழங்கும் .30-06இன் குண்டு பெரும்பாலும் 150 அல்லது 180 கிரெயின்.

இவ்வளவு கனமென்றால் மெதுவாகத்தானே போகும்? வேட்டைக்குப் போதுமா?

மெதுவாகத்தான் போகும். .30-06 குண்டு விநாடிக்கு 2,700 அடிக்கு மேல் பறக்கும். சாதாரண 405 கிரெயின் குண்டு சுமார் 1,300 அடி. ஒலியைவிடக் கொஞ்சம்தான் வேகம். ஆனால் வேகமான சிறு குண்டு உடலுக்குள் விரிந்தும் சிதைந்தும் வேலை செய்வது; இந்தக் கனத்த குண்டு விரியவே வேண்டாம், புறப்படும்போதே அதன் அகலம் 11.6 மில்லிமீட்டர். எடையின் உந்துதலில் எலும்பைத் தாண்டி நேராகப் போகும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதுதான் வழக்கம். அதனால் ரத்தத் தடம் பிடித்து மானைத் தேடுவது சுலபம்.

விலை தூரத்தில் கொடுக்க வேண்டும். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், 200 கஜத்தில் குண்டு ஏறக்குறைய இரண்டடி கீழே இறங்கிவிடும். தூரத்தை 30 கஜம் தப்பாகக் கணித்தால் வயிற்றிலோ காலிலோ படும், காயத்தோடு மான் ஓடும். எங்கள் பக்கத்துக் காட்டில் ஓக் மரங்களுக்கு நடுவே 80 கஜத்துக்கு மேல் பார்வையே போகாது, அதனால் எனக்குக் கவலையில்லை. மேற்கே புல்வெளியில் வேட்டையாடுகிறவர் இதை எடுத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எந்த ஈயம் வேண்டும்?

நம்மில் பலர் 'ஈயம்' என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைக்கிறோம். அது வெள்ளீயம். குண்டுக்கு வேண்டியது காரீயம். காரீயத்தை அடுப்பங்கரைப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

சுத்தக் காரீயம் மிக மென்மை. நகத்தால் கீறலாம், உலோகத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் பிரினெல் எண் 5 தான். அதோடு வெள்ளீயம் கொஞ்சம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக ஓடி நிரம்பும். ஆன்டிமனி என்ற உலோகம் சேர்த்தால் கெட்டியாகும். இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது பழங்காலக் கலவை, கடினம் 10 அளவில் நிற்கும். காரீயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 என்பது 'லைமன் நம்பர் 2' என்று பெயர்பெற்ற கலவை, கடினம் 15. அச்சகங்களில் இருந்த லைனோடைப் ஈயம் இன்னும் கெட்டி, 22. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று உலோகக் கூட்டணி புதிதல்ல. எழுத்தின் விளிம்பு கூராக வர எது தேவைப்பட்டதோ அதேதான் குண்டின் விளிம்புக்கும் தேவைப்படுகிறது.

முன்பெல்லாம் டயர்க் கடையில் சக்கரத்தைச் சமன்செய்யும் ஈயக்கட்டிகள் வாளி வாளியாகக் கிடைக்கும். இப்போது பல மாநிலங்களில் ஈயத்துக்குப் பதில் துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. துத்தநாகக் கட்டி ஒன்று கலந்தால்கூடக் கஷ்டம்; உருகிய ஈயம் கஞ்சிபோல் திரளும், குண்டின் விளிம்பு மழுங்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். ஆகவே பழைய கட்டிகளை உருக்கும்போது சூட்டை 350 பக்கத்தில் நிறுத்துங்கள். துத்தநாகமும் இரும்பும் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். ஒருமுறை அவசரத்தில் அடுப்பை முழுசாக ஏற்றிவிட்டு ஒரு பானை ஈயத்தைப் பாழாக்கியவன் நான். அது இன்றும் கராஜ் கதவுக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறது.

கெட்டியான குண்டுதானே நல்லது? கடையில் 'ஹார்ட் காஸ்ட்' என்று விளம்பரமே போடுகிறார்களே?

அதிகம் பேர் கேட்பதும், நானே முதலில் சறுக்கியதும் இதில்தான்.

ஆரம்பத்தில் ஒரு கடையில் ஹார்ட் காஸ்ட், அதாவது கெட்டியாக வார்த்த குண்டு வாங்கினேன். விட்டம் 0.458 அங்குலம், கல் மாதிரி கெட்டி. முதல் ஐந்து வெடி பரவாயில்லை. பதினைந்தாவதில் குறி ஒரு தட்டு அகலத்துக்குச் சிதறியது. வீட்டுக்கு வந்து குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், தோட்டா உட்காரும் அறைக்கு அடுத்த பகுதியில் வெள்ளி ஜரிகை ஒட்டியது போல் ஈயம் அப்பியிருந்தது. செம்புக் கம்பி பிரஷ்ஷால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். வேகம் அதிகமோ என்று மருந்தைக் குறைத்தேன், இன்னும் மோசம். இன்னும் கெட்டியான குண்டு வாங்கினேன், அதைவிட மோசம்.

கோளாறு கடினத்தில் இல்லை, பொருத்தத்தில். குழலின் வரிப்பள்ளத்தைவிட (குண்டைச் சுழல வைக்க உள்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளம்) குண்டு ஒரு இழை சிறுத்திருந்தால், பின்னாலிருந்து வரும் சூடான வாயு அந்த இடுக்கு வழியே பீறிட்டு முன்னால் பாயும். போகிற வழியில் குண்டின் ஓரத்தை உருக்கி அரித்துக் குழலில் பூசிவிட்டுப் போகும். மென்மையான குண்டாக இருந்தால், மருந்தின் அழுத்தத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். கெட்டிக் குண்டு பருக்காது.

தோராயமான ஒரு கணக்கு உண்டு: பிரினெல் எண்ணை 1,422ஆல் பெருக்கினால், குண்டு நெகிழத் தேவையான அழுத்தம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் கிடைக்கும். கடினம் 10 என்றால் 14,000 சொச்சம். லைனோடைப்பின் 22 என்றால் 31,000. ஆனால் .45-70க்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச வரம்பே 28,000 பி.எஸ்.ஐ. தான். அப்படியானால் லைனோடைப் குண்டு இந்தத் துப்பாக்கியில் எப்போது பருக்கும்? இது கச்சிதமான விதியில்லை, திசையைக் காட்டும், அவ்வளவே. மருந்தைக் குறைத்தபோது ஏன் இன்னும் மோசமானது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் குழலை அளந்தேன்: 0.4585. அதற்கு 0.460 அங்குலக் குண்டு, கடினம் 12 அளவில், நானே வார்த்தேன். ஐம்பது வெடிக்குப் பிறகும் ஒரு துணி விட்டு எடுத்தால் குழல் பளிச்சென்று இருக்கிறது.

குழலை எப்படி அளப்பது?

துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவரும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் வெளியே வந்துவிடும், இரண்டு முனையும் திறந்த குழாய் கிடைக்கும். குழலைத் துடைத்து மெல்ல எண்ணெய் விடுங்கள். மீன் பிடிக்கும் தூண்டிலில் கட்டும் சுத்த ஈயக் குண்டு, துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று எடுத்து, வாய்ப்பக்கம் வைத்து மரச் சுத்தியால் தட்டி உள்ளே இறக்குங்கள். அப்புறம் பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், வரிகள் கெடும். எங்கே சிக்குகிறது, எங்கே வழுக்கி ஓடுகிறது என்பது கைக்கே தெரியும். மறுபக்கம் விழும் ஈயத்தில் குழலின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். மேடான இரண்டு எதிர்ப்பக்கங்களை மைக்ரோமீட்டரால் அளந்தால் பள்ளத்தின் விட்டம். காலிப்பர் போதாது. இங்கே ஆயிரத்தில் ஒரு அங்குலம், தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசம், கணக்கில் வரும். குண்டு அந்த அளவைவிட ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பெரிதாக இருக்கட்டும்.

குண்டின் மேல் மெழுகு எதற்கு?

ஈயம் எஃகில் உராய்ந்து ஒட்டாமலிருக்க. வார்ப்புக் குண்டின் இடுப்பில் வளையம் வளையமாகப் பள்ளங்கள் இருக்கும், அதில் தேன்மெழுகும் அலாக்ஸ் என்ற கிரீஸும் கலந்து அடைப்பது பிரபலமான முறை. இப்போது பலர் பவுடர் கோட்டிங் செய்து அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள், சிவப்பு, நீலக் குண்டெல்லாம் பார்க்கலாம். எனக்கு மெழுகு வாசனைதான் பிடித்திருக்கிறது.

இந்த மசகு விஷயம் நமக்குப் புதிதா என்ன? 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்று கல்கத்தா பக்கத்து டம்டம்மில் கிளம்பிய பேச்சு எங்கே போய் முடிந்தது என்பது பள்ளிக்கூடப் பாடம். அதில் தடவ வேண்டியிருந்ததற்கும் காரணம் இதுதான்: மென் ஈயக் குண்டு, வரிப்பள்ளமுள்ள குழல்.

கேஸ் செக் தேவையா?

குண்டின் அடியில் மாட்டும் சின்னச் செம்புத் தொப்பி அது. சூடான வாயு ஈய அடியை அரிக்காமல் காக்கும். 1,300, 1,400 அடி வேகத்துக்கு எனக்குத் தேவைப்பட்டதில்லை. 1,700, 1,800க்குப் போகிறவர்கள் போடுகிறார்கள்.

சரி, எவ்வளவு மருந்து போடுவது?

எண் சொல்லமாட்டேன். போனில் கேட்ட நண்பர்களுக்கும் சொன்னதில்லை. .45-70 என்ற ஒரே பெயரில் மூன்று பலமுள்ள துப்பாக்கிகள் உலவுகின்றன: 1873 டிராப்டோரும் அதன் நகல்களும், மார்லின் போன்ற இன்றைய லீவர் துப்பாக்கிகள், ருகர் நம்பர் 1 போன்ற மிக வலுவான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள். அச்சிட்ட கையேடுகளே மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் போடுகின்றன. மூன்றாவது பட்டியலின் தோட்டா முதல் துப்பாக்கிக்குள் தாராளமாக நுழையும். சுடுகிறவருக்குக் கண்ணோ விரலோ போகும். மருந்துக் கம்பெனிகள் தங்கள் கையேட்டில் உங்கள் துப்பாக்கி வகைக்கும் குண்டு எடைக்கும் தந்திருக்கும் குறைந்த அளவில் தொடங்குங்கள். குண்டை மாற்றினால் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு பொறி. இந்த உறை 70 கிரெயின் கரிமருந்து நிரம்பச் செய்த பெரிய உறை. இன்றைய புகையில்லா மருந்தில் சில வகைகள் அதில் பாதிகூட வராது. கவனம் பிசகி ஒரே உறையில் இரண்டு முறை ஊற்றினாலும் பொங்கி வழியாமல் உட்கார்ந்திருக்கும். நான் ஐம்பது உறைகளைப் பலகைத் துளைகளில் நிறுத்தி, மருந்து ஊற்றி முடித்தபின், குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுப்பதில்லை; வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

"அண்ணே, 500 கிரெயின் குண்டு வாங்கிப் போட்டேன், லீவர் மூடவே மாட்டேங்குது."

தம்பி, குண்டு நீளம். லீவர் துப்பாக்கியில் தோட்டா கீழிருந்து தூக்கி மேலே வர இடம் அளந்து வைத்தது. மொத்த நீளம் 2.55 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மூக்கு நீண்ட 500 கிரெயின் குண்டு ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு உரியது. குண்டை உள்ளே அழுத்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். லீவருக்கென்று செய்த, மூக்கு குட்டையான 400 முதல் 430 கிரெயின் அச்சு வாங்குங்கள்.

மூக்கு தட்டையாகவும் இருக்க வேண்டும். குழலுக்கு அடியில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கும் குழாய் மேகசீனில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கெட்டியான கூர்முனை என்றால், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். நல்லவேளையாக, தட்டை மூக்குதான் மானிடமும் அதிகம் வேலை செய்யும்.

அப்புறம், குண்டு வைக்கும் முன் உறையின் வாயை மணி போல லேசாக விரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும். வைத்த பிறகு அதே விளிம்பைக் குண்டின் பள்ளத்தில் மடக்கி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேகசீனில் காத்திருக்கும் தோட்டாக்களில் குண்டு உள்ளே இறங்கிப் போகும்.

வரிகளின் சுற்று கனத்த குண்டுக்குப் போதுமா?

போதும். 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தந்த சூத்திரம் இன்றும் ஈயக் குண்டுக்குப் பொருந்தும்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 1.3 அங்குல நீளக் குண்டுக்கு 24 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும் என்று வரும். மார்லினில் 20 அங்குலத்துக்கு ஒன்று, தேவைக்கு மேலான சுழற்சி.

வீட்டில் ஈயம் உருக்குவது விஷமில்லையா?

விஷம்தான். உருக்கும் சூட்டில் ஈய ஆவி அதிகம் வராது. பயப்பட வேண்டியது மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடின் தூசிக்கு. அது கையில், சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை இருந்தால் அங்கே வாய்க்குப் போகும். கதவு திறந்த கராஜ், தனிச் சட்டை, தனிச் செருப்பு. வேலை நடுவே டீ, முறுக்கு கிடையாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்கிறேன்.

உடனடி ஆபத்து தண்ணீர். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் சிக்கினால் அது நொடியில் ஆவியாகிப் பானையையே வெளியே வீசும். குளிர்காலத்தில் வெளியே கிடந்த ஈயக்கட்டியை அப்படியே போடக்கூடாது. பானை விளிம்பில் வைத்துச் சூடாக்கிப் பிறகு போடுங்கள். முகமூடி, தோல் கையுறை, மூடிய ஷூ கட்டாயம். கோடையில் நெற்றி வியர்வைக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் இருக்கிறேன். இந்தக் குண்டோடு வேட்டைக்குப் போகலாமா?

போக முடியாது. 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்தக் காட்டு விலங்கை வேட்டையாடவும் ஈயமில்லாக் குண்டுதான். காரணம் காண்டோர் கழுகு. 1982இல் 22 பறவைகளே மிஞ்சியிருந்தன. வேட்டைக்காரர் விட்டுப்போன குடலையும் கழிவையும் தின்று, அதிலிருந்த ஈயத் துணுக்குகளால் அவை சாகின்றன. கெட்டியான வார்ப்புக் குண்டு அதிகம் சிதறாது என்று எங்கள் கூட்டத்தில் வாதாடுவார்கள். வேகமான மென்குண்டைவிடக் குறைவு என்பது சரி, ஈயம் ஈயம்தான். தடை இல்லாத மாநிலத்தில் இருந்தும் நான் குடலைப் புதைத்துவிட்டுத்தான் வருகிறேன், காயத்தைச் சுற்றி ஒரு கையகலம் இறைச்சியையும் வெட்டி எறிகிறேன்.

பணம் மிச்சமாகுமா?

ஒரு தோட்டாவுக்குக் கணக்குப் பார்த்தால் ஆகும். அச்சு, பானை, பிரஸ், தராசு எல்லாம் சேர்த்தால் பல வருடம் கழித்து. அதோடு, கையில் குண்டு நிறைய இருந்தால் அதிகம் சுடுவீர்கள்.

தோள் வலிக்குமா?

1,300 அடி வேகத்தில் உதை ஒரு நீண்ட தள்ளு போல இருக்கும், தாங்கலாம். மேஜையில் உட்கார்ந்து குறி பார்க்கும்போதுதான் வலி. உடம்பு பின்னால் நகர வழியில்லை. பத்து வெடிக்கு மேல் போகாதீர்கள். காட்டில் மான் முன்னால் நிற்கும்போது உதைத்ததா என்றே எனக்கு ஞாபகம் இருந்ததில்லை.